மனித நலத்தைப் பல துறைகள் சேர்ந்து ஆராய்வதால் உருப்படியாக என்ன கிடைத்திருக்கிறது?

உங்கள் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் படிப்பைப் பற்றியது. எம்.எஸ்ஸி. புள்ளியியல் முடித்திருக்கிறீர்கள், மனித நலம், சமூக நலம் என்று பெயர் வைத்த ஒரு பல்துறை மையத்தில் பிஎச்டிக்கு இடம் வந்திருக்கிறது, சேரலாமா என்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "பத்துக்கு எத்தனை மகிழ்ச்சி என்று கேட்டு எழுதுவதெல்லாம் ஆராய்ச்சியா, ஒரு துறைக்காரர்கள் தனியாகச் செய்ய முடியாத எதையாவது இவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்களா" என்று, அதுதான் நிஜமான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு பதில் தெரிந்துவிட்டால் சேர்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள். நான் பொதுச் சுகாதாரப் புள்ளியியல் படித்தவன், வருடக்கணக்கில் வீடு வீடாகப் போய்க் கேட்கும் சர்வேக்களில்தான் பிழைப்பு. டாக்டர்கள், பொருளாதாரக்காரர்கள், உளவியல்காரர்கள் என மூன்று தரப்போடும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறேன். மரபணு, மூளை ஸ்கேன் பக்கம் எனக்கு வாசிப்பு அறிவு மட்டும்தான், அதனால் அங்கே அதிகம் போக மாட்டேன்.

சென்னையில் நடந்த ஒரு ஆய்விலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது. கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் உள்ளிட்ட ஐந்து பொருளாதார ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்டது. குறைந்த வருமானமுள்ள 452 பேருக்கு ஒரு மாத டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, கையில் தூக்கத்தை அளக்கும் வாட்ச் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். இரவில் படுக்கையில் கிடப்பது ஏறத்தாழ எட்டு மணி நேரம், நிஜமாகத் தூங்குவது ஐந்தரை மணி நேரம்தான் என்று வாட்ச் சொன்னது. நடுநடுவே விழிப்பு. தூக்கக் கோளாறுக்காக மருத்துவமனைக்கு வருகிறவர்களின் தூக்கத்தோடு ஒப்பிடும் அளவுக்கு மோசம். எங்களைப் போன்ற சர்வேக்காரர்கள் "எத்தனை மணி நேரம் தூங்குவீங்க" என்று வாயால் கேட்டிருந்தால், பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்திருப்பேன் என்று பதில் வந்திருக்கும், நாங்களும் எட்டு என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம்.

அப்புறம் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு இரவுத் தூக்கத்தைக் கூட்ட உதவி செய்தார்கள்: மெத்தை, தலையணை, ஃபேன், கண்மறைப்பு, காதடைப்பான், தூங்குவது எப்படி என்ற ஆலோசனை. சிலருக்கு அதிகம் தூங்கினால் காசும் உண்டு. தூக்கம் இரவுக்கு சராசரி 27 நிமிடம் கூடியது. இதனால் வேலைத்திறன், கவனம், மனநிலை எல்லாம் நன்றாக உயரும் என்றுதான் முன்கூட்டிக் கேட்கப்பட்ட நிபுணர்கள் கணித்தார்கள். எதுவும் கண்ணில் படும் அளவுக்கு உயரவில்லை. அதே ஆய்வில் வேறு ஒரு குலுக்கலில், வேலை செய்யும் இடத்திலேயே மதியம் அரை மணி நேரம் குட்டித் தூக்கம் போட சிலருக்கு வசதி செய்து கொடுத்தார்கள். அவர்களுக்கு வேலைத்திறன், கவனம், மனநிலை மூன்றும் மேலே போயின. தூங்கிய அரை மணி நேரம் வேலை போனதால், அந்த நேரத்திலும் வேலை செய்தவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகச் சம்பாதித்தார்கள், சும்மா இடைவேளை எடுத்தவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள். காரணம் என்ன என்பதில் மட்டும் நான் ஜாக்கிரதையாக இருப்பேன். வெக்கையிலும் கொசுவிலும் தெருச் சத்தத்திலும் கூடுதலாகக் கிடைத்த 27 நிமிடம் தரமான தூக்கமாக இருந்திருக்காது, அமைதியான அறையில் போட்ட அரை மணி நேரம் தரமானது என்பது நியாயமான ஊகம். ஆனால் ஊகம்தான், நிரூபிக்கப்பட்டது கிடையாது.

இதில் துறைகள் என்ன வேலை செய்தன என்று பாருங்கள். தூக்க மருத்துவக்காரர்களுக்கு ஆய்வகத்தில் தூங்கவிடாமல் செய்தால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரியும், ஆனால் ஒரு ஏழையின் வீட்டில் தூக்கத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பது தெரியாது. பொருளாதாரக்காரர்களுக்குக் குலுக்கிப் பிரித்து உற்பத்தியை அளக்கத் தெரியும், தூக்கத்தை அளக்கும் கருவி அவர்கள் துறையில் கிடையாது. ஒருவருடைய கருவியை இன்னொருவருடைய கேள்விக்கு, அதுவும் அதே மனிதர்கள்மேல் வைத்ததால்தான் இரண்டு தரப்புமே எதிர்பார்க்காத விடை வந்தது. நான் பல்துறை ஆய்வு என்று மதிப்பது இதைத்தான். ஐந்து துறைக்காரர்கள் ஆளுக்கொரு அத்தியாயம் எழுதி ஒரே அட்டை போட்டுத் தைப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன், அப்படி வருவதுதான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோவாவில் நடந்தது இதே மாதிரி, ஆனால் கால இடைவெளியோடு. விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவரும் அவர் சார்ந்த சங்காத் அமைப்பும், மனநல டாக்டர் கிடைக்காத ஊர்களில் சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே மனச்சோர்வுக்கு ஆலோசனை தரவைக்க முடியுமா என்று பார்த்தார்கள். ஒருவருக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள், அவ்வளவுதான். பலன் இருந்தது, 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு துறை மட்டும் என்றால் கதை அங்கே முடிந்திருக்கும். நான்கைந்து வருடம் கழித்துப் பொருளாதாரக்காரர்கள் சிலர் படேலோடு சேர்ந்து, இதிலும் இதே மாதிரியான இன்னொரு சோதனையிலும் இருந்தவர்களில் 775 பேரைத் தேடிப் பிடித்து மறுபடி கேட்டார்கள். ஆலோசனை பெற்றவர்களிடம் மனச்சோர்வு 11 சதவீதப் புள்ளி குறைவாகவே இருந்தது, அத்தனை வருடம் கழித்தும். இது பெரிய விஷயம். ஆனால் அவர்கள் வேலைக்குப் போவதோ வீட்டுச் செலவோ கூடவில்லை. மனநலத்தைச் சரிசெய்தால் வருமானம் தானாக உயரும் என்று மேடைகளில் சொல்கிறார்களே, அந்த வாதத்துக்கு இது இடிக்கிறது. ஆய்வில் பெரும்பாலானோர் பெண்கள், அவர்கள் வேலைக்குப் போகாததற்கு மனச்சோர்வைத் தவிர ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். டாக்டர் மட்டும் இருந்திருந்தால் வருமானத்தைக் கேட்டிருக்க மாட்டார். பொருளாதாரக்காரர் மட்டும் இருந்திருந்தால், வருமானம் கூடவில்லை, திட்டம் தோல்வி என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

இதெல்லாம் புதிதாக வந்த ஃபேஷன் என்று நினைக்காதீர்கள். வியன்னாவுக்குத் தெற்கே மாரியன்தால் என்று ஒரு ஆலை ஊர். 1929-30-ல் ஜவுளி ஆலை மூடப்பட்டு, ஏறக்குறைய ஊரே வேலையிழந்தது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூன்று சமூக ஆய்வாளர்கள் அங்கே போய் ஆய்வு செய்து 1933-ல் அறிக்கை வெளியிட்டார்கள். ஊருக்குள் யாரும் வேடிக்கை பார்க்க மட்டும் வரக்கூடாது, ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. அதனால் துணி விநியோகம், இலவச மருத்துவ ஆலோசனை, தையல் வகுப்பு என்று நடத்திக்கொண்டே தகவல் சேகரித்தார்கள். இன்றைக்குப் பல புராஜெக்ட்களில் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு ஒரு சோப்பு டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறோம் என்பதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அவர்கள் அளந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜன்னலருகே உட்கார்ந்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஊரின் முக்கியத் தெருவில் ஆட்கள் என்ன வேகத்தில் நடக்கிறார்கள், எத்தனை தடவை நிற்கிறார்கள் என்று குறித்தார்கள். ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். கடிகாரம் வைத்திருந்தும் அதை எடுத்துக்கொண்டு வெளியே வராத ஆண்கள் நிறையப் பேர். பெண்களுக்கு அடுப்பு, துணி, குழந்தை என்று நாள் பழையபடியே ஓடியது, சம்பளம்தான் இல்லை. ஊர் நூலகத்தில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், எல்லோருக்கும் நேரமும் கிடந்தது, ஆனாலும் எடுத்துப் போகும் புத்தகங்களின் எண்ணிக்கை இரண்டு வருடத்தில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. வேலையில்லாதவன் கொதித்தெழுவான் என்ற எதிர்பார்ப்பு அந்தக் காலத்தில் பலமாக இருந்தது, அங்கே கண்டது சோர்ந்து ஒடுங்கிப்போன ஊரை. வேலை என்பது சம்பளத்தோடு சேர்த்து நாளுக்கு ஒரு ஒழுங்கு, நாலு பேர் பழக்கம், ஒரு அந்தஸ்து, கூடிச் செய்யும் ஒரு நோக்கம் எல்லாவற்றையும் தருகிறது என்று யஹோடா பிற்காலத்தில் விரித்து எழுதியதற்கு விதை இங்கேதான் விழுந்தது.

சரி, இது ஒரே ஒரு ஊர், ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஊர் கிடையாது, அதனால் காரணகாரியத்தை அடித்துச் சொல்ல முடியாது என்று புள்ளியியல் படித்த நீங்கள் சொல்வீர்கள். நியாயம்தான். சுவாரசியம் என்னவென்றால், அந்தக் குறையைக் கிட்டத்தட்ட 90 வருடம் கழித்து அதே ஊரில் வைத்தே தீர்த்தார்கள். மாரியன்தால் இப்போது கிராமட்நாய்சீடல் என்ற ஊராட்சியில் இருக்கிறது. 2020 அக்டோபரில் அந்தப் பகுதியின் வேலைவாய்ப்புத் துறை, ஒரு வருடத்துக்கு மேல் வேலையில்லாமல் இருக்கும் எல்லோருக்கும் கண்டிப்பாகச் சம்பளத்தோடு வேலை, விருப்பமிருந்தால் சேரலாம் என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மாக்சிமிலியன் காசி, லூகாஸ் லேனர் இருவரும், குலுக்கலில் சிலரை முதலிலும் சிலரைச் சில மாதம் கழித்தும் சேர்த்து ஒப்பிட்டார்கள், பக்கத்தில் இதே மாதிரியான ஊர்களோடும் ஒப்பிட்டார்கள். வருமானம் கூடியது எதிர்பார்த்ததுதான். யஹோடா சொன்ன நாள் ஒழுங்கு, பழக்கவழக்கம், மதிப்பு, கூட்டு நோக்கம் என்ற ஒவ்வொன்றும் கூடியது. உடல்நலத்தில் மட்டும் குறிப்பிடும்படி மாற்றம் தெரியவில்லை. அவ்வளவு குறைந்த காலத்தில் தெரிந்திருக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்க மாட்டேன். சின்ன ஊர், சில டஜன் ஆட்கள் என்ற வரம்பை மறக்காமல் சொன்னால், வேலையின்மை மனிதரை நொறுக்குவது பணத்தால் மட்டும் இல்லை என்பதை நான் உறுதியான பட்டியலில் வைப்பேன். இந்த ஆய்வு மட்டும் காரணம் இல்லை, வேறு பல நாட்டுப் பின்தொடர் சர்வேக்களும் அதையே சொல்கின்றன.

இப்போது துறைகள் முட்டிக்கொள்ளும் இடம். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை வைத்து லண்டனில் நடந்த வைட்ஹால் ஆய்வுகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாவது 1967-ல் தொடங்கியது, அதில் ஆண்கள் மட்டும். கடைநிலை ஊழியர்கள் சாகும் விகிதம் மேல்நிலை அதிகாரிகளைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. எல்லோரும் நிரந்தர வேலைக்காரர்கள், யாரும் பட்டினி கிடப்பவர்கள் கிடையாது. இன்னும் முக்கியம், மேலே ஒரு கூட்டம் கீழே ஒரு கூட்டம் என்று இரண்டாகப் பிரியாமல், ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆபத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் சேர்த்தும் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியைத்தான் விளக்க முடிந்தது. 1985-ல் மைக்கேல் மார்மட் தலைமையில் 10,308 பேரோடு தொடங்கிய இரண்டாவது ஆய்வில் பெண்களும் உண்டு. தன் வேலையை எப்படிச் செய்வது என்பதைத் தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அதிலிருந்து வந்த முடிவு உலகம் முழுக்கப் பரவியது. மேலதிகாரி மனசு வைத்தால்தான் லீவு என்ற நிலையில் இருக்கும் எல்லோருக்கும் அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

2011-ல் ஆன் கேஸ், கிறிஸ்டினா பாக்ஸன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள், அதே இரண்டாவது வைட்ஹால் தரவையே எடுத்து வேறு மாதிரி கேட்டார்கள். சின்ன வயதில் உடல்நலமும் குடும்ப வசதியும் குறைவாக இருந்தவர்கள்தான் கீழ்நிலை வேலையில் சேர்கிறார்கள், பதவி உயர்விலும் பின்தங்குகிறார்கள் என்றால், பின்னாளில் வரும் நோய்க்குக் காரணம் பதவியா, குழந்தைப் பருவமா? அவர்கள் கணக்கில் குழந்தைப் பருவத்தின் கை ஓங்கியிருந்தது, இன்றைய பதவி நாளைய உடல்நலத்தை மாற்றுகிறது என்பதற்கு அதிக ஆதாரம் கிடைக்கவில்லை. படிக்குப் படி உடல்நலம் மாறுகிறது என்பதில் எந்தத் தரப்புக்கும் சந்தேகம் கிடையாது, அது உறுதி. எவ்வளவு பங்கு வேலையால், எவ்வளவு பங்கு குழந்தைப் பருவத்தால் என்பது இன்னும் தீராத வழக்கு. என் சொந்த அபிப்பிராயம் இரண்டும் உண்டு என்பதுதான், ஆனால் பொருளாதாரக்காரர்கள் கேட்ட கேள்விக்கு பதில் சொல்லாமல் முதல் முடிவை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

நம் ஊர்ப் பக்கம் இன்னொரு சந்தேகக் கணக்கு இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிக் கரும்பு விவசாயிகள் 464 பேரை, அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நேரத்திலும் அறுவடைக்குப் பின் காசு வந்த நேரத்திலும் ஒரே மாதிரி கவனச் சோதனைகள் செய்ய வைத்தார்கள். காசில்லாதபோது அதே ஆள் மோசமாகச் செய்தார். 2013-ல் சயன்ஸ் இதழில் வந்தது, ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்தார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ நால்வரும் எழுதியது. வறுமை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்ற கருத்து இதிலிருந்துதான் பிரபலமானது. மனிதர்கள் ஏழையாக இருப்பது யோசிக்கத் தெரியாததால் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல சூடு. ஆனால் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இதே மாதிரி சோதித்தவர்களுக்கு அப்படி ஒரு வித்தியாசம் கிடைக்கவில்லை, இந்தக் கருத்தை ஒட்டிச் செய்த பல சின்னச் சோதனைகளும் மறுபடி செய்தபோது நிற்கவில்லை. அதற்கு எதிர்ப்பக்கம், ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் கூலிக்காரர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குலுக்கல் முறையில் முன்னதாகக் கொடுத்தபோது உற்பத்தி சுமார் 7 சதவீதம் கூடியது, கவனக்குறைவால் வரும் தவறுகளும் குறைந்தன. அதனால் இதைப் பொய் என்று ஒதுக்கவும் மாட்டேன், நிரூபணமான உண்மை என்று மேடையில் சொல்லவும் மாட்டேன். பணக்கவலை வேலையைக் கெடுக்கிறது என்பது பலமாகவே இருக்கிறது, அது புத்தியைச் சுருக்கித்தான் கெடுக்கிறதா என்பது சந்தேகம்.

இனி நீங்கள் கிண்டலடித்த அந்தப் பத்துக்கு எத்தனை. ஆண்டுதோறும் செய்தித்தாளில் வரும் உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசை ஒரே ஒரு கேள்வியிலிருந்து வருகிறது: பத்துப் படி உள்ள ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், மேல்படி உங்களுக்கு அமையக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை, தரையில் பூஜ்யம் மிக மோசமானது, நீங்கள் இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஹாட்லி கான்ட்ரில் 1965-ல் கொண்டுவந்தது. பெரும்பாலான நாடுகளில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,000 பேரிடம் கேட்டு, மூன்று வருடச் சராசரி எடுப்பார்கள். வருமானம், ஆயுள், ஊழல் எல்லாம் சேர்த்துப் போட்ட மதிப்பெண் என்று நம் பத்திரிகைகள் எழுதுவது தப்பு. அவையெல்லாம் வித்தியாசத்தை விளக்கப் பின்னால் பயன்படுத்தப்படுபவை, வரிசைக்குள் வருவதில்லை. பின்லாந்து 2018 முதல் தொடர்ந்து முதலிடத்தில் இருந்து வந்ததும், 2025 அறிக்கையில் இந்தியா 118-ல் இருந்ததும் இந்த ஏணியின் கணக்கு.

வீட்டுத் திண்ணையில் இந்தக் கேள்வி எப்படி நடக்கும் என்று ஒரு தடவை பார்த்தால் உங்களுக்கே மரியாதையும் பயமும் ஒன்றாக வரும். மருமகளிடம் கேட்டால் பக்கத்திலிருக்கும் மாமியார் "அவளுக்கென்ன குறை, எட்டு போடுங்க தம்பி" என்பார். மருமகள் சிரித்துவிட்டு எட்டு என்பார். வயதான ஒருவர், நம்ம படியை நாமே சொல்லிக்கலாமா, கண்ணு பட்டுடும் என்று அஞ்சிலேயே நிற்பார். இன்னொருவர் நாளை வரப்போகும் பேத்தி கல்யாணத்தை நினைத்துப் பத்து என்பார். இதனால்தான் தனியாகக் கேட்க வேண்டும், கேட்பவர் பெண்ணா ஆணா என்பதைக் குறிக்க வேண்டும், இந்தக் கேள்வியை உடம்பு, கடன் பற்றிய கேள்விகளுக்கு முன்னாடி வைக்க வேண்டும் என்றெல்லாம் சண்டை போடுவோம். இத்தனை ஓட்டை இருந்தும் ஏணி எண் வேலையிழப்பு, மரணம், நோய் வந்தால் இறங்குகிறது, நாடுகளுக்குள் ஏழை பணக்காரர் இடையே ஒழுங்காக மாறுகிறது. ஒரு ஊருக்குள், ஒரே மொழியில், ஒரே முறையில் கேட்டு, முன்னும் பின்னும் ஒப்பிட்டால் நான் அதை நம்புவேன். 118-ஆவது நாடு 115-ஆவது நாட்டைவிடச் சோகமானது என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன்.

பணத்துக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள சம்பந்தம் பற்றி ஒன்று மட்டும், ஏனென்றால் அதில் சண்டையைத் தீர்த்த விதம் நீங்கள் கற்க வேண்டிய விதம். 2010-ல் உளவியல்காரர் டேனியல் கானமன், பொருளாதாரக்காரர் ஆங்கஸ் டீட்டன் இருவரும், அன்றாட மனநிலை அமெரிக்காவில் ஆண்டு வருமானம் 75,000 டாலர் அளவோடு உயர்வதை நிறுத்திவிடுகிறது என்றார்கள். 2021-ல் மாத்யூ கில்லிங்ஸ்வர்த் என்ற ஆய்வாளர், போனில் அவ்வப்போது கேட்டு 33,000 பேரிடம் சேர்த்த தரவைக் காட்டி, நிற்கவே இல்லை என்றார். வழக்கமாக இந்த மாதிரி விஷயம் பேப்பருக்கு பேப்பர் இருபது வருடம் ஓடும். கானமனும் கில்லிங்ஸ்வர்த்தும் பார்பரா மெல்லர்ஸ் என்ற உளவியல்காரரை நடுவராக வைத்துக்கொண்டு ஒரே தரவைச் சேர்ந்து அலசி 2023-ல் சேர்ந்தே எழுதினார்கள். மனநிலையில் கடைசி ஐந்தில் ஒரு பங்குக்காரர்களுக்கு மட்டும் சுமார் 1,00,000 டாலரோடு ஏற்றம் நிற்கிறது, மற்றவர்களுக்குத் தொடர்கிறது என்பது முடிவு. இது எல்லாமே அமெரிக்கத் தரவு, நம் ரூபாய்க்கு மாற்றி வாட்ஸாப்பில் அனுப்புவதற்கு ஆதாரம் கிடையாது.

மரபணுப் பக்கம் எனக்கு வாசிப்பு அறிவுதான் என்றேன், ஆனாலும் எச்சரிக்கையாக ஒன்று. நியூசிலாந்தின் டுனீடின் ஆய்வு 1972-73-ல் பிறந்த 1,037 பேரைக் குழந்தையிலிருந்து பின்தொடர்கிறது, 45 வயதில் உயிரோடிருந்தவர்களில் 94 சதவீதம் பேர் திரும்ப வந்து சோதனைக்கு உட்கார்ந்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது கனவு எண், நாங்கள் இரண்டாவது சுற்றிலேயே வீடு மாறியவர்களைத் தேடி நாக்குத் தள்ளிவிடுவோம். அவ்வளவு உயர்ந்த தரவிலிருந்து 2003-ல் வந்த ஒரு முடிவு, ஒரு மரபணு வகை இருந்தால் வாழ்க்கைத் துயரம் மனச்சோர்வாக மாறுகிறது என்பது, பல்லாயிரம் பேரை வைத்து மறுபடி பார்த்தபோது நிற்கவில்லை. தரவு நல்லது என்பதால் அதிலிருந்து வரும் ஒவ்வொரு முடிவும் நல்லது ஆகிவிடாது.

இதெல்லாம் தெரிந்த பிறகு உங்கள் இடத்துக்கு வருவோம். நீங்கள் சேரப்போகும் மையத்தை எனக்குத் தெரியாது, பெயரும் கேட்கவில்லை. ஆனால் சேருமுன் சிலவற்றை நேராகக் கேட்டுவிடுங்கள், மெயிலில் இல்லாமல் போனில். அங்கே ஏற்கெனவே இருக்கும் தரவு எது, அது யார் கையில் இருக்கிறது, இரண்டாவது துறைக்காரர் அதைத் தொட அனுமதி உண்டா என்பது முதல் கேள்வி. பெரிய கிராண்ட் வாங்கிய பல மையங்களில் மருத்துவத் தரவு ஒரு பீரோவிலும் சர்வே தரவு இன்னொரு பீரோவிலும் இருக்கும், இரண்டிலும் ஒரே ஆளுக்கு ஒரே அடையாள எண் கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். அப்படி என்றால் உங்களுக்கு மூன்று வருடம் தரவை இணைப்பதிலேயே போய்விடும். இரண்டாவது, உங்களுக்கு இரண்டு கைடு இருப்பார்களா, அவர்கள் கடைசியாகச் சேர்ந்து எழுதிய பேப்பர் எது? ஒன்றுமே இல்லை என்றால் உங்கள் பிஎச்டிதான் அவர்களுடைய முதல் பேச்சுவார்த்தை மேடை, நடுவில் நசுங்குவது நீங்கள். மூன்றாவது, எதிர்பார்த்த பலன் கிடைக்காத ஆய்வு எதையாவது அந்த மையம் வெளியிட்டிருக்கிறதா? சென்னைத் தூக்க ஆய்வு மாதிரி ஒன்றே ஒன்று இருந்தால்கூட எனக்கு அந்த இடத்தின்மேல் மரியாதை வரும்.

வேலைவாய்ப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் பணிக்கு, எந்தத் துறையில் பட்டம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் பல்துறை என்று எழுதினால் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதனால் பிஎச்டி பட்டம் புள்ளியியல் பெயரிலேயே வரும்படி பதிவு செய்ய முடிந்தால் செய்துகொள்ளுங்கள், வேலையை மையத்தில் செய்யுங்கள். முதல் வருடத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிடாமல், கொஞ்ச நாளாவது சர்வே எடுக்கும் பெண்களோடு வீடுகளுக்குப் போங்கள். பெரும்பாலான இடங்களில் அந்த வேலையைச் செய்வது அவர்கள்தான், எந்தக் கேள்விக்கு ஆட்கள் பொய் சொல்கிறார்கள், எந்தக் கேள்வியை அவர்களே தாண்டிவிட்டு நிரப்புகிறார்கள் என்பது எந்தப் பேராசிரியரைவிடவும் அவர்களுக்குத்தான் தெரியும். கேட்டால் சொல்வார்கள், ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள், சூப்பர்வைசர் இருக்கும்போது கேட்காதீர்கள்.